அடி விழுந்த இடம்

என் இடது மார்பில் கட்டி இருப்பதை நான் கண்டுபிடித்தது, என் வீட்டுக்காரர் ஏழுமலை என்னைத் துடுப்பால் அடித்துப் பதினைந்து நாள் கழித்து.

அது ஐப்பசி மாதம். கடல் சீறிக்கொண்டிருந்ததால் சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் குப்பத்து ஆட்கள் எட்டு நாளாகக் கட்டுமரம் இறக்கவில்லை. அரசாங்கமே சாராயக் கடைகளைத் திறந்து வைத்திருந்த காலம். அவர் பகலிலேயே குடித்துவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"கொயம்புல மீனு எங்க?"

"கடல்ல கீது. போய் இட்டாந்தீன்னா ஆக்கிப் போடறேன்" என்றேன்.

என் வாய் அப்படி. திருக்கழுக்குன்றம் சந்தையில் பத்து வருஷம் மீன் விற்ற வாய். சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்து வீசினார். முதல் அடி தோளில். நான் திரும்பியதும் இரண்டாவது அடி நெஞ்சில் இடது பக்கம். மூச்சு நின்று அடுப்பங்கரையில் விழுந்தேன். விழுந்த பிறகும் இடுப்பில் இரண்டு உதை. பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். இதில் புதிதாக ஒன்றுமில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒரு தடவை மணிக்கட்டு உடைந்திருக்கிறது. ஒரு தடவை காது கிழிந்திருக்கிறது. பிள்ளை இல்லை என்பது ஒரு காரணம், மீன் இல்லை என்பது ஒரு காரணம். காரணமே இல்லாத நாளும் உண்டு.

அடிபட்ட இடம் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. குளிக்கும்போது அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. கல் மாதிரி கெட்டி. அழுத்தினேன், வலியில்லை. ரத்தம் கட்டிக்கொண்டிருக்கிறது, தானாகக் கரையும் என்று விட்டுவிட்டேன்.

கரையவில்லை. தை மாதத்துக்குள் எலுமிச்சைக் காய் அளவாகிவிட்டது. மார்புக் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. மேல் தோல் தடித்து, சாத்துக்குடித் தோல்போலப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது. ஒருநாள் ரவிக்கையில் ரத்தக் கறை. அக்குளில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு நெறி. வலி மட்டும் இல்லை. வலித்திருந்தால் அடுத்த நாளே ஓடியிருப்பேன்.

எட்டாவது வரைதான் படித்தேன். இவை ஒவ்வொன்றும் என்ன என்று பிறகு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டதை இங்கேயே எழுதிவிடுகிறேன், நான் தாமதித்ததுபோல் இன்னொருத்தி தாமதிக்கக் கூடாது என்பதற்காக. உள்ளே வளரும் கட்டி பக்கத்துச் சதையில் வேர்விட்டுப் பிடித்து இழுக்கும். அதனால்தான் காம்பு உள்ளே போகிறது. தோலுக்கு அடியில் ஓடும் நிணநீர் அடைபட்டுத் தேங்குவதால்தான் தோல் அப்படித் தடித்துக் குழி விழுகிறது. அக்குள் நெறி, நோய் அங்கே வரை நடந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. எல்லாக் கட்டியும் புற்று இல்லை. ஆனால் எது புற்று, எது இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. டாக்டர்தான் சொல்லவேண்டும்.

நான் யாரிடமும் காட்டவில்லை. கொக்கிலமேட்டிலிருந்து வந்திருந்த என் அண்ணி தேசம்மா, நான் புடவை மாற்றும்போது பார்த்துவிட்டாள். என் கூடப்பிறந்த அண்ணன் முருகேசனின் மனைவி அவள்.

"அடிப்பாவி, இன்னாடி இது? எத்தினி நாளா வச்சிகினு கீற?"

அவள்தான் என்னைப் படாளம் பக்கத்தில் கட்டிக்கு மருந்து போடும் ஒரு ஆளிடம் அழைத்துப் போனாள். அவன் கட்டியைப் பிசைந்து பார்த்து, "ரத்தக்கட்டு. பழுக்க வச்சி கீறிட்டா முடிஞ்சிது" என்றான். கறுப்பாக ஒரு பற்றுப் போட்டுக் கட்டினான். வீடு வருவதற்குள் நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. பிரித்தால் தோல் கொப்பளித்து, துணியோடு உரிந்து வந்தது. மூன்றாம் நாள் மறுபடி போனபோது சவரக் கத்தியைத் தீயில் காட்டிக்கொண்டு, இரண்டு பேரை என் கைகளைப் பிடிக்கச் சொன்னான். கத்தி நெஞ்சுக்கு அருகில் வந்ததும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. இரண்டு காலையும் மடக்கி அவன் வயிற்றில் ஓங்கி உதைத்தேன். அவன் மருந்துச் சட்டிகளின் மேல் போய் விழுந்தான். பிறந்ததிலிருந்து நான் ஒருவரை அடித்தது அதுதான் முதல் தடவை. ரவிக்கையைக்கூடப் போடாமல் புடவையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தேன். அங்கிருந்தே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். அண்ணி ஆள் அனுப்பியதால் மாலைக்குள் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் டாக்டர் என் மார்பையும் அக்குளையும் பார்த்தார். அண்ணி பக்கத்தில் நின்றாள்.

"இந்த இடத்துல அடி ஏதாவது பட்டுச்சாம்மா?"

"ஆமாங்க. துடுப்பால."

"யார் அடிச்சது?"

நான் புடவையை இழுத்து மூடிக்கொண்டேன். "இவ வூட்டுக்காரருதான்" என்றாள் அண்ணி.

டாக்டர் எழுதிக்கொண்டே, "புற்றுநோயா இருக்கலாம். ஒரு துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்தாதான் உறுதியா தெரியும். மெட்ராஸுக்கு எழுதித் தர்றேன், உடனே போங்க" என்றார். அடியால் வந்தது என்று அவர் சொல்லவே இல்லை. கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அண்ணிக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. வெளியே போய் அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

நான் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் கூட்டம். அண்ணன் என் வீட்டுக்காரரின் தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான்.

"என் தங்கச்சிக்குப் புத்துநோய அடிச்சி வுட்டுட்டியேடா! பொண்டாட்டிய அடிக்கிற கை, என்ன அடிடா பாப்போம்!"

என் வீட்டுக்காரர் அண்ணனைவிட இரண்டு மடங்கு ஆள். நினைத்திருந்தால் ஒரு கையால் தூக்கி எறிந்திருக்கலாம். கையைத் தூக்கவே இல்லை. வாயெல்லாம் ரத்தமாக என்னைப் பார்த்தார். "நெசமா?" என்று மட்டும் கேட்டார். நான் சீட்டைக் காட்டினேன். அவர் திரும்பி, வலது கையை முஷ்டியாக்கி, அந்தக் கருங்கல் சுவரைக் குத்த ஆரம்பித்தார். நாலாவது குத்தில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை குத்தினார். நாலு பேர் சேர்ந்து பிடித்து, அதே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வைத்தார்கள். நான் சீட்டோடும் அவர் மாவுக்கட்டோடும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினோம். குப்பத்தில் எங்களுக்கு முன்னாலேயே செய்தி போய்விட்டிருந்தது. ஏழுமலை பொண்டாட்டிக்குப் புத்துநோய் குடுத்துட்டான் என்று சின்னப் பிள்ளைகள்கூடப் பேசின.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் எனக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில். துண்டு எடுத்த அன்று பெரிதாக வலிக்கவில்லை. முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் கொன்றன. காலையில் டாக்டர்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு கட்டிலாக நிற்பார்கள். என் கட்டிலில் "ரிப்போர்ட் வரல" என்று நர்ஸ் சொன்னதும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அன்றைய நாள் எனக்கு அதோடு முடிந்தது.

பக்கத்துக் கட்டிலில் ரஹ்மத் பீ. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் டீக்கடை வைத்திருந்தார். அவளுக்கும் மார்பில்தான். ஆனால் புண்ணாகி உடைந்துவிட்டது. ஈ வராமல் இருக்க எப்போதும் துணியால் மூடியிருப்பாள்.

"கட்டி கீதுன்னு எனக்கு முன்னயே தெரியும்மா. ஆம்பள டாக்டருகிட்ட துணிய வெலக்கிக் காட்டணுமேன்னு ரெண்டு வருசம் கம்னு இருந்துட்டேன். இப்ப தெனம் இருவது பேரு வந்து பாக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் காலை அவள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாள். விறகு ஒடிவதுபோல் ஒரு சத்தம். அவள் மேல்கை நடுவில் மடங்கித் தொங்கியது. அவள் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து நின்றது. விழவில்லை, மோதவில்லை. ஒரு செம்புத் தண்ணீருக்கு எலும்பு முறிந்துவிட்டது. நோய் எலும்புக்குள் போய் அரித்திருக்கிறது என்றார்கள். அன்று மாலை நாஸ்தா கொண்டுவந்த அவள் வீட்டுக்காரர், கட்டிலில் உட்கார்ந்து அவளுக்கு ஊட்டி, தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் கேட்டேன்.

"அக்கா, உன்ன உன் வூட்டுக்காரரு எதால அடிச்சாரு?"

"அவரா?" அவ்வளவு வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கோழி அறுக்கறதுக்கே பக்கத்து வூட்டு ஆள கூப்புடற மனுசம்மா அவரு. என் மேல ஒரு வெரலு பட்டதில்ல."

அப்படியானால் இவளுக்கு ஏன் வந்தது? அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. புற்றுதான். ஆப்பரேஷன் செய்யப்போகும் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். சத்தமாகப் பேசுவார்.

"நம்ம உடம்புல பழசு செத்து புதுசு வளர்றதுக்கு ஒரு அளவு இருக்கு. இதுக்கு அளவு தெரியாது. வளர்ந்துகிட்டே போகும். பக்கத்துல இருக்கறதைத் தின்னும். ரத்தத்துல கலந்து வேற இடத்துக்கும் போகும். எலும்புக்குப் போனா எலும்பு உடையும், நுரையீரலுக்குப் போனா மூச்சு முட்டும். உனக்கு இப்போதைக்கு அக்குள் வரைக்கும்தான் போயிருக்கு. மார்பு, கீழ இருக்கற தசை, அக்குள் நெறி எல்லாத்தையும் எடுத்துடணும். சம்மதமா?"

"எடுத்துடுங்கம்மா. ஒண்ணு கேக்கணும். இது அடியால வந்துதா?"

"யார் சொன்னது? அடியால இது வராது. உன் கட்டி ஒரு வருஷம், ரெண்டு வருஷமா உள்ள இருந்திருக்கும். அடிபட்டதால உன் கை அங்க போச்சு, கண்டுபிடிச்ச. அவ்வளவுதான்."

டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "இத எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லாதீங்கம்மா."

அவர் என் மணிக்கட்டின் கோணலைப் பார்த்தார். காதைப் பார்த்தார். "அவர் வந்து கேட்டா பொய் சொல்லமாட்டேன். கேட்காத வரைக்கும் நானா போய்ச் சொல்லமாட்டேன்" என்று எழுந்து போனார்.

என் வீட்டுக்காரர் கேட்கவே இல்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆப்பரேஷன் முடிந்து விழித்தபோது நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல் இருந்தது. விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி பாட்டிலில் ரத்தநீர் சொட்டியது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். ஒட்டியிருந்த பஞ்சை உரித்தபோது நர்ஸின் கையைக் கடித்துவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளாமல், "கடிச்சிக்கோ, ஆனா அசையாத" என்றாள். பார்த்தேன். மார்பு இருந்த இடத்தில் விலா எலும்புகளின் மேல் ஒட்டிய தோலும், தோளிலிருந்து வயிறு வரை இறங்கிய தையலும். கையைத் தலைக்கு மேல் தூக்கப் பழக ஒரு மாதம் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றி அழுதேன்.

அதன் பிறகு கதிர் சிகிச்சை. வார்டில் எல்லோரும் கரண்ட் வைப்பது என்பார்கள். தடித்த கதவுள்ள அறையில் தனியாகப் படுக்கவைத்து, எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது வாரம் தோல் கருகி உரிந்தது. சோற்றைப் பார்த்தாலே வாந்தி.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசல் நடைபாதையிலேயே கிடந்தார். பார்வையாளர் நேரத்துக்கு முதல் ஆளாக உள்ளே வருவார். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் கஞ்சியைத் தடுமாறித் தடுமாறி ஊட்டுவார். பாதி என் கழுத்தில் ஒழுகும். "சுடுதா?" என்று கேட்பார். சாராயத்தைத் தொடவே இல்லை. ஒருநாள் தையலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போய் வாந்தி எடுத்தார்.

ரஹ்மத் பீக்கு நெஞ்சுக்குள் நீர் கோத்துக்கொண்டது. விலாவில் பெரிய ஊசி போட்டு குடுவை நிறைய எடுப்பார்கள், இரண்டு நாளில் மறுபடி நிறையும். படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு மத்தியானம், வீட்டுக்காரர் பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் தலை அவர் கைகளில் சாய்ந்தது. அவர் பின்னலை முடித்துக் கட்டிய பிறகுதான் நர்ஸைக் கூப்பிட்டார்.

நான் பிழைத்து ஊருக்கு வந்தேன். இடது கை வீங்கியே இருந்தது, இன்றும் இருக்கிறது. நெறிகளை எடுத்துவிட்டால் நிணநீர் வடிய வழியில்லாமல் அப்படி வீங்கும் என்றார்கள். கூடை தூக்க முடியாது. என் வீட்டுக்காரரே என் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வந்தார். சந்தைப் பெண்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் குனிந்து மீனை எடுத்துப் பரப்பி வைத்தார்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. தன் அடியால்தான் நோய் வந்தது என்ற அவருடைய நம்பிக்கையை நான் நன்றாகவே பயன்படுத்தினேன். ஒருநாள் எதற்கோ கை ஓங்கினார். "அடி. இன்னொரு பக்கம் மிச்சம் கீது. அதுக்கும் குடு" என்றேன். கை அப்படியே நின்றது. அதன் பிறகு, கை ஓங்காத நாட்களிலும் அதைச் சொன்னேன். கூட்டாளிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அங்கே போய்ச் சொன்னேன். ஒரு தடவை அவர்கள் முன்னாலேயே முந்தானையை விலக்கித் தையலைக் காட்டினேன். அவர் முகம் சாம்பலாகிப்போனதைப் பார்த்து எனக்குள் ஒரு திருப்தி. தூக்கத்தில் "நான்தான், நான்தான்" என்று உளறுவார். கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

ஐந்தாவது வருஷம் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திருந்தன. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அண்ணன் குடித்துவிட்டு வந்து அவரைப் பிடித்துக்கொண்டான். ஐந்து வருஷமாக அவன் அவரோடு பேசியதில்லை. கீழே தள்ளி விலாவில் உதைத்தான். "எந்திரிடா பொட்ட!" என்று மறுபடி உதைத்தான். இவர் மணலில் சுருண்டு கிடந்து, "அடி மச்சான், கொன்னுடு" என்றார். உதட்டோரம் ரத்தம் நுரைத்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணனின் கால் நின்றிருக்கும். அந்த வார்த்தை ஐந்து வருஷமாக என்னிடம் இருந்தது. மூன்றாவது உதை விழும் வரை நான் சொல்லவில்லை. பிறகு அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு, "வுட்டுடு அண்ணாத்த, அவரு மேல தப்பில்ல" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. புருஷன்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்.

இரண்டு விலா எலும்பு முறிந்து அவர் வீட்டில் படுத்திருந்தார். நாலு நாள் கழித்து, காலையில் கஞ்சி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யோவ், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்கு வந்த நோவு உன் அடியால வர்ல."

அவருக்குப் புரியவில்லை. "இன்னா சொல்ற?"

"ஆப்பரேசனுக்கு முன்னயே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அடியால அது வராதாம். நீ அடிக்கறதுக்கு ரொம்ப முன்னயே உள்ள இருந்துகீது."

"அஞ்சு வருசமா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த முகம் எனக்குத் தெரிந்த பழைய முகம். என் கண் தானாக அருவாமனையைத் தேடியது. பொய் சொல்லமாட்டேன், அவர் அன்று கை வைத்திருந்தால் நானும் வைத்திருப்பேன்.

"ஊரே என்னக் கொலகாரன்னுச்சி. உங்கண்ணன் என்ன மெரிச்சான். நீ பாத்துகினு நின்ன."

"நின்னேன்."

"இன்னாத்துக்குடி சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மறுபடியும் அடிச்சிருப்ப."

அவர் வாய் திறந்தது. இல்லை, அடித்திருக்கமாட்டேன் என்று சொல்ல முயன்றார் என்று நினைக்கிறேன். அவராலேயே அதை நம்ப முடியவில்லை. மெல்ல பாயில் உட்கார்ந்தார்.

"நோவு உன்னுது இல்லய்யா. அண்ணங்கிட்டயும் நானே போய் சொல்றேன். ஆனா அடி உன்னுதுதான். அத யாரும் உங்கிட்டருந்து எடுக்க முடியாது" என்றேன்.

வெளியே கல்பாக்கத்துக்குக் கட்டுமானச் சாமான் ஏற்றிப் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கஞ்சி ஆறி ஆடை படிந்தது. அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அந்த அடி... ரொம்ப வலிச்சுதா?"

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னை அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வலிச்சுது" என்றேன். "எல்லா அடியும் வலிச்சுது."